இருபத்தோராவது பங்கு

பெங்களூர்த் தொம்மலூரின் பழைய ஊருக்குள் வெங்கடசாமியின் மளிகைக் கடையிலிருந்து கொசுறு வாங்காமல் யாரும் படியிறங்கியதில்லை. துவரம்பருப்பு வாங்கினால் மேலே ஒரு பிடி, மிளகாய் வாங்கினால் நாலு மிளகாய், ஒன்றுமே தோதுப்படாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கேட்ட பிறகு கொடுப்பவன் கடைக்காரன், கேட்குமுன் கொடுப்பவன் வியாபாரி என்பது அவர் சித்தாந்தம். அந்தக் கொசுறையும் அவர் விலையில் முன்கூட்டியே ஏற்றிவைத்திருப்பார் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் முகம் மலர வாங்கிப் போவார்கள். மனித சுபாவம் அப்படி.

அவருடைய இரண்டாவது பெருமை பொட்டலம். பழைய கன்னடப் பேப்பரைக் கிழித்து, சரக்கைக் கொட்டி, நூல் சுற்றாமல் ஒரே மடிப்பில் பூட்டிவிடுவார். தலைகீழாகத் தூக்கிப் போட்டாலும் ஒரு கடுகு சிந்தாது. சீரகம், சோம்பு, மிளகு என்று பத்துப் பொட்டலத்தை வரிசையாக அடுக்கினால் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். எதில் என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்டு.

வீட்டிலும் அவர் கொசுறில்லாமல் எதையும் கொடுத்ததில்லை. என்ன, வீட்டுக் கொசுறுக்கு நிபந்தனை என்று பெயர். மனைவி மங்களத்துக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். ஆனால் இட்லிக்கு மட்டும் கல்லில்தான் ஆட்டவேண்டும். மகள் விஜியை டி.பார்ம் படிக்க அனுப்பினார். ஆனால் படிப்பு முடிந்ததுமே அத்தை மகன் ஜாதகத்தைப் பார்த்துவைப்பார், வாய் திறக்கக்கூடாது.

அந்தப் படிப்புக்கு அவர் ஒத்துக்கொண்டதே ஒரு வியாபாரக் காரணத்தால்தான். சிக்பேட்டையில் புடவைக்காரன் கத்துவான், யஷ்வந்த்பூர் மண்டியில் மிளகாய்த் தரகன் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே விரலை முறிப்பான். ஆனால் மருந்துக் கடையில் மட்டும் எந்தக் கொம்பனும் பேரம் பேசுவதில்லை. சொன்னதைக் கொடுத்துவிட்டு, வாங்கியதை எடுத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறான். 'உலகத்துல இப்படி ஒரு கடை இருக்கறப்ப நான் எதுக்கு வெல்லம் வித்துக்கினு கெடக்கறேன்?' என்று அவர் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விஜி பாஸ் செய்தாள். ஓசூர் ரோட்டில் ஒரு மிஷன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சியும் முடித்தாள். பயிற்சி முடிந்தும் அங்கேயே போய்க்கொண்டிருந்தாள். பார்மசி கவுன்சிலிலிருந்து முத்திரை குத்தி, போட்டோ ஒட்டி, அவள் பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்தது. வெங்கடசாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்ல கனமான காகிதம்.

மறுநாளே காக்ஸ் டவுனிலிருந்து தியோடர் வந்து நின்றார்.

தியோடர் அவருக்கு அல்சூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுச் சினேகிதர். காக்ஸ் டவுனில் மருந்துக் கடை வைத்திருந்தார். அவருடைய கடைக்குப் பேர் கொடுத்திருந்த பார்மசிஸ்ட் மஸ்கட்டுக்குப் பறந்துவிட்டான். சுவரில் தொங்கிய சர்டிஃபிகேட்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்துக் கடைக்கு லைசென்ஸ் கிடையாது. ஆள் முழு நேரமும் கடையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்ட காகிதம் சுவரில் இருந்தால் போதும் என்பது ஊர் வழக்கம்.

"பொண்ணு வரவே வேணாம், மேன் வெங்கட். பேப்பர் மட்டும் வரட்டும்" என்றார் தியோடர். "இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு வந்து ஒரு மணி நேரம் நின்னா போதும். ஆட்டோ நானே அனுப்பறேன். மாசா மாசம் வாடகை வீட்டுக்கு வந்துடும்."

இரண்டு டீ, ஒரு பிளேட் மிளகாய் பஜ்ஜி முடிவதற்குள் வெங்கடசாமி வாடகையைத் தான் நினைத்ததற்கு மேலேயே ஏற்றிவிட்டார். அவருடைய முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு சரக்கு கைக்கு வந்ததில்லை. புழு வைக்காது. எடை குறையாது. கண்ணாடி போட்டுவிட்டால் எலி கடிக்காது. வாங்குகிறவன் மாசா மாசம் வாங்கிக்கொண்டே இருப்பான், சரக்கு மட்டும் தீரவே தீராது. காகிதத்தைச் சுருட்டித் தியோடர் கையில் கொடுத்தபோது வெங்கடசாமிக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

தொண்ணூற்றேழு ஜனவரி அது. ஊரெல்லாம் அவரைக்காய் மணம். மங்களம் முறத்தை மடியில் வைத்து, ஊறவைத்த அவரை விதையை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தோல் ஒரு பக்கம், பச்சைப் பருப்பு ஒரு பக்கம் துள்ளி விழுந்தன. வேலையிலிருந்து வந்த விஜி பீரோவைக் குடைந்துவிட்டு வந்தாள்.

"சர்டிஃபிகேட்ட எங்கப்பா வெச்ச? காணோம்."

"அது வேலைக்குப் போயிருக்கு" என்றார் வெங்கடசாமி.

"இன்னாது?"

"உனக்கு முன்னாடி அதுக்கு நல்ல வேல கெடச்சிடுச்சு. காக்ஸ் டவுன்ல, தியோடர் மாமா கடைல. திங்கக்கெழம இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஒரு ஃபாரத்துல நீ கையெழுத்துப் போடணும், அவ்ளோதான்."

விஜி முறத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தாள். "அப்பா, சனிக்கெழமைக்குள்ள ஒரிஜினல் குடுத்தாத்தான் என்ன ஆஸ்பத்திரில பர்மனென்ட் பண்ணுவாங்க. எங்க பெரிய பார்மசிஸ்ட் ஜோசஃபின் மேடம் ரெண்டு தபா கேட்டுட்டாங்க. ஒருத்தர் பேரு ஒரு எடத்துலதாம்ப்பா இருக்கணும். ரெண்டு எடத்துல இருந்தா பேரையே அடிச்சிடுவாங்க."

"அப்ப எங்க கூடக் கெடைக்குதோ அங்க இருக்கட்டும். நீயும் சர்டிஃபிகேட்டும் சேந்து போனா ஆஸ்பத்திரிக்காரன் எவ்ளோ குடுக்கறான்? அது தனியாப் போனா அதவிடக் கூடக் கெடைக்குது. அப்ப நீ போறதால நஷ்டம்தான?"

"நல்லா இருக்குது உங்க நியாயம்" என்றாள் மங்களம். "பொண்ண விட்டுட்டுப் பேப்பருக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்த மாதிரி."

"நீ பருப்பப் பிதுக்கு. ஏம்மா விஜி, உன்கூடப் படிச்சவங்க இன்னா பண்றாங்க சொல்லு. அந்த உமேஷு?"

"மெடிக்கல் ரெப்பு. பைக்கு, டை எல்லாம் உண்டு. டாக்டர் வாசல்ல பையத் தூக்கிக்கினு மூணு மணி நேரம் நிப்பான்."

"சோனியா?"

"பீன்யால மாத்திரை ஃபாக்டரி. ஒரே மெஷின் முன்னாடி நாள்பூரா உக்காந்து, எந்த மாத்திரை ஒடஞ்சிருக்குன்னு பாக்கணும். கனவுலயும் ஒடஞ்ச மாத்திரையா வருதாம்."

"அந்த நரேஷு?"

விஜி சற்றுத் தயங்கினாள். "சர்டிஃபிகேட்ட வாடகைக்கு விட்டுட்டு கம்ப்யூட்டர் படிச்சிக்கினு இருக்கான்."

"பாத்தியா! அவன் புள்ள!" வெங்கடசாமி தொடையில் தட்டினார். "சரி, நீ அங்க போயி இன்னாதான் பண்ற?"

"பொட்டலம் மடிக்கறேன்."

வெங்கடசாமி சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த தோல் பறந்தது. "அடி கூறு கெட்டவளே! முப்பது வருஷமா நான் மடிச்சது பத்தாதுன்னா ரெண்டு வருஷம் காலேஜுக்கு அனுப்பினேன்? அத இங்கயே மடிச்சிருக்கலாமே, பஸ் செலவு மிச்சம்."

விஜி சிரிக்கவில்லை. ஒரு விதையை எடுத்துப் பிதுக்கினாள். பருப்பு தெறித்து அடுப்படிவரை போனது. "ஃபாரத்த எடுத்துக்கினு சனிக்கெழம மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வா. நான் இன்னா பண்றேன்னு ஒரு மணி நேரம் உக்காந்து பாரு. பாத்துட்டு அப்பவும் கேட்டீன்னா போட்டுக் குடுத்துடறேன்."

வெங்கடசாமி மங்களத்தைப் பார்த்தார். பெண் முதல்முறையாக நிபந்தனை போடுகிறாள். ரத்தம் எங்கே போகும்?

"ஆயித்து, ஆகட்டும்" என்றார். "ஒரு மணி நேரந்தான்."

சனிக்கிழமை கடையைப் பாதியில் அடைத்துவிட்டு, சட்டைப் பையில் ஃபாரத்தை மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். கல் கட்டடம். வராந்தா முழுக்கத் தாய்மார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். எல்லாப் பாஷைக்கும் மேலே குழந்தைகளின் அழுகை, அது மட்டும் ஒரே பாஷை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் கை நுழையும் அளவுக்கு ஒரு பிறைச் சந்து. அதன் பின்னால் வெள்ளைக் கோட்டில் விஜி. வீட்டில் இருப்பதைவிட அரை அடி உயரம் கூடியவள்போல் தெரிந்தாள்.

ஜோசஃபின் அம்மாள் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்தார். "விஜி அப்பாவா? உள்ள போய் ஸ்டூல்ல உக்காருங்க. எதையும் தொடாதீங்க, ஆமா" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெங்கடசாமி உட்கார்ந்தார். முதல் கால் மணி நேரத்திலேயே அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வருகிற ஒருத்தராவது 'எவ்வளவு' என்று கேட்கவேண்டுமே? கிடையாது. 'நல்லதா பார்த்துக் கொடு' என்று சொல்லவேண்டுமே? கிடையாது. பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கவேண்டுமே? அதுவும் கிடையாது. விஜி சொல்வதைக் கேட்கிறார்கள். "ராத்திரி சாப்பிட்டப்புறம், அரை மூடி. சொல்லுங்க பாக்கலாம்?" என்கிறாள். அவரவர் திருப்பிச் சொல்கிறார்கள். அவருடைய கடையில் கால் கிலோ கடலைப்பருப்பைக் கையிலெடுத்துக் கடித்துப் பார்க்கிற ஜனங்கள்தானே இவர்கள்? இங்கே உயிரை இந்தப் பக்கம் நீட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர் பெண்ணிடம். காலையில் சாக்ஸைக் காணோம் என்று கத்திவிட்டுப் போன பெண்ணிடம்.

ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஆனேக்கல் பக்கம் கல் குவாரியில் வேலை, பெயர் சந்திரம்மா. தோளில் ஒரு குழந்தை. வெங்கடசாமி பழக்க தோஷத்தில் கண்ணாலேயே எடை போட்டார். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கண் விழிப்பைப் பார்த்தால் நாலு மாதக் குழந்தை. உதட்டோரம் லேசாக நீலம் ஓடியிருந்தது. சந்திரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னக் கட்டை எடுத்துச் சந்துக்குள் தள்ளினாள்.

வெள்ளைக் காகிதங்கள். மடிப்பு நீக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காலிப் பொட்டலக் காகிதங்கள். விஜி எண்ணினாள். "இருபது. ஒண்ணுகூட விடல?"

"எப்பிடி விடுவேன் தாயி? வெளக்கு வெக்கறப்ப ஒண்ணு, கோழி கூவறப்ப ஒண்ணு. பால்ல கரச்சு, சங்கையும் கழுவி ஊத்திட்டேன்."

"எட பாத்தாங்களா?"

"நூறு கிராமு ஏறிக்கீதாம்மா!" சந்திரம்மா சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "டாக்டரம்மா சொப்ப நகுத்தா, லேசா சிரிச்சுக்கினே சொன்னாங்க."

வெங்கடசாமி ஸ்டூலில் நிமிர்ந்தார். நூறு கிராம். அவர் கடையில் நூறு கிராம் என்றால் ஒரு சீரகப் பொட்டலம். அதற்கு ஒருத்தி அழுவாள் என்று அவர் கண்டதில்லை. அப்புறம் அந்தக் காகிதங்கள். அவர் மடித்துக் கொடுத்தது லட்சம் பொட்டலம் இருக்கும். கொடுத்த காகிதம் ஒன்றாவது கடைக்குத் திரும்பி வந்திருக்கிறதா? சாக்கடையில் மிதப்பதைத்தான் பார்த்திருக்கிறார்.

"இருங்க, செஞ்சு தரேன்" என்று விஜி ஜன்னலை ஒட்டியிருந்த மேசைக்கு வந்தாள்.

குழந்தையின் இருதயத்துக்கு வேண்டிய மருந்து பெரியவர்கள் மாத்திரையாகத்தான் வரும். ஒரு மாத்திரையில் ஏழில் ஒரு பங்குதான் இதற்கு ஒரு வேளை. விஜி மாத்திரைகளை வெள்ளைப் பீங்கான் உரலில் போட்டு அரைத்தாள். அரைத்தாள் என்றால் மங்களம் அரைக்கிற அரைப்பல்ல. மணிக்கட்டு மட்டும் சுற்றியது, ஓசையே இல்லை. பிறகு, நிறுக்கும் அளவுக்குக் கூட்ட, பால் சர்க்கரைப் பொடியை எடுத்தாள். மொத்தமாகக் கொட்டவில்லை. உரலில் இருப்பது எவ்வளவோ அதே அளவு போட்டுக் கலந்தாள். இப்போது இரண்டு பங்கானது. அதற்குச் சமமாக இன்னொரு இரண்டு பங்கு போட்டுக் கலந்தாள். அப்புறம் நாலுக்கு நாலு. 'எல்லாத்தையும் ஒரே வாட்டி கொட்டிக் கிண்டினா இன்னா?' என்று கேட்க வெங்கடசாமிக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. மூச்சுக்கூடப் பொடியின் மேல் படாமல் தலையைச் சாய்த்திருந்தாள்.

மேசையில் இருபது வெள்ளைக் காகிதம், ஐந்து ஐந்தாக நாலு வரிசை. நகைக்கடைத் தராசைவிடச் சின்னத் தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள். ஒவ்வொரு பங்கையும் நிறுத்தாள். முள் நடுவில் நிற்கும்வரை காத்திருந்தாள். கரண்டி நுனியால் ஒரு துளி எடுத்தாள், அரைத்துளி திரும்பப் போட்டாள். வெங்கடசாமி தராசைத் தட்டாமல் நிறுத்ததே கிடையாது. இது முள்ளோடு பேசுகிற மாதிரி இருந்தது.

இருபதும் நிறுத்தாயிற்று. உரலின் அடியில் கொஞ்சம் பொடி மிச்சம் இருந்தது. விஜி மடிக்க ஆரம்பித்தாள். மெதுவாக, விளிம்பைச் சீராக்கி. ஒன்பது மடித்திருப்பாள், வார்டிலிருந்து போன் வந்தது.

"எந்த பெட், டாக்டர்? வெயிட் எவ்ளோ? இருங்க, புக்கப் பாத்துச் சொல்றேன்" என்று அடுத்த அறைக்குப் போனாள்.

வெங்கடசாமி பதினொரு மடிக்காத காகிதத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே சந்திரம்மாவைப் பார்த்தார். கை அரித்தது. அது கெட்ட எண்ணம் இல்லை. வியாபாரிக்கு வாசலில் ஆள் காத்திருந்தால் கை சும்மா இருக்காது. எழுந்து போய், நாலு நிமிஷத்தில் பதினொன்றையும் மடித்துவிட்டார். விஜி மடித்த ஒன்பதையும் பிரித்து, சரிபார்த்து, தன் மடிப்பில் மடித்தார். இருபதும் அச்சில் வார்த்தது மாதிரி நின்றன. அவருக்கே மனசு குளிர்ந்தது.

உரலில் பொடி மிச்சம் இருந்ததே? வீணாகப் போகுமே? பாவம், கல் உடைக்கிறவள், ஆனேக்கல்லிலிருந்து வந்திருக்கிறாள். கொசுறில்லாமல் ஒருத்தியை எப்படி அனுப்புவது? கைக்கு அகப்பட்ட பொட்டலத்தைப் பிரித்து, மிச்சத்தை விரலால் வழித்துப் போட்டு, மடித்து, கும்பலில் சேர்த்துவிட்டார்.

விஜி திரும்பி வந்தாள். பொட்டலங்களைப் பார்த்தாள். உரலைப் பார்த்தாள்.

"இதுல இருந்தது எங்கப்பா?"

"அதா? ஒரு பொட்டலத்துல போட்டுட்டேம்மா. கொசுறு. பாவம், கொழந்த சீக்கிரம் தேறட்டும்."

"எந்தப் பொட்டலம்?"

வெங்கடசாமி கும்பலைப் பார்த்தார். இருபதும் அவரைத் திரும்பிப் பார்த்தன. ஒரே உயரம், ஒரே மடிப்பு, ஒரே முனை. முப்பது வருஷத் தொழில்.

"அது..." என்றார். ஒன்றைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"இருபது வேணும்னா இருபத்தொண்ணுக்குக் கலக்கணும்ப்பா" என்றாள் விஜி. குரல் உயரவில்லை. "உரல்ல ஒட்டும், கரண்டில ஒட்டும். கடைசிப் பொட்டலம் கொறையக் கூடாதுன்னு ஒரு பங்கு மேல. அந்தப் பங்கு யாருக்கும் இல்ல. அத இன்னொண்ணுல போட்டா ரெண்டு வேள மருந்து ஒரே வேளைல போயிடும். மூணு கிலோ கொழந்த. இருதயம் நின்னு போயிடும்."

அவள் குப்பைத் தொட்டியை இழுத்தாள்.

"ஏய், இரு இரு!" வெங்கடசாமி அவள் கையைப் பிடித்தார். பிறகு பேரம் தொடங்கியது. அவர் வாழ்க்கையில் பேசிய எல்லாப் பேரத்தையும்விட மும்முரமாக. "எட போட்டுப் பாத்துடலாம்மா. கூட இருக்கறத மட்டும் கொட்டிடு."

"நீ எல்லாத்தையும் பிரிச்சு மடிச்சிருக்க. எதுல சிந்துச்சு, எதுல சேந்துச்சு தெரியாது. உன் விரல்ல பெருங்காயம் வேற மணக்குது."

"சரி, பாதிய கொட்டு. நீ மடிச்ச ஒம்போது..."

"அதயும் பிரிச்சிட்டியே."

"ஒரு மணி நேர வேலடி! மருந்து வேற! அந்தப் பொம்பளைக்குத் தெரியவா போவுது?"

விஜி அவரைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை அது. தராசு முள் நிற்பதற்குக் காத்திருந்தாளே, அதே பார்வை. வெங்கடசாமி யஷ்வந்த்பூரில் பத்து லாரி மிளகாய்க்குச் சொந்தக்காரர்களை விலையில் இறக்கியிருக்கிறார். சிக்பேட்டை சேட்டுகளை இறக்கியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரு விலை உண்டு, முகத்தில் எங்காவது அது தெரியும், அதைக் கண்டுபிடிப்பதுதான் வியாபாரம். இந்த முகத்தில் அவர் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தான் பெற்ற பெண்தானா இது?

கையை விட்டார். இருபது பொட்டலமும் தொட்டிக்குள் விழுந்தன.

விஜி ஜன்னலுக்குப் போனாள். "சந்திரம்மா, ஒரு தப்பு ஆயிடுச்சு. மருந்த முதல்லேருந்து செய்யணும். இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். உங்களுக்கு பஸ்ஸு..."

என்ன தப்பு, யார் செய்தது, ஏன் காத்திருக்கவேண்டும் என்று கேள்வி வரும், சண்டை வரும் என்று வெங்கடசாமி காத்திருந்தார். அவர் கடையில் ஐந்து நிமிஷம் தாமதமானால் வருகிற சண்டை.

"பஸ்ஸு போனா இன்னொண்ணு வரும் தாயி. நீ செய்யி" என்றாள் சந்திரம்மா. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெங்கடசாமி ஸ்டூலில் உட்காரவில்லை. வெளியே வந்தார். வாசல் கடையில் இரண்டு டீயும் பன்னும் வாங்கி வந்து சந்திரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க யாருங்ணா?"

"நான்..." பொட்டலத்தைக் கெடுத்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பொண்ணோட அப்பா."

சந்திரம்மா சட்டென்று எழுந்து நின்றாள். டீ சிந்தியது. அவர் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. ஏதோ தாசில்தார் முன்னால் நிற்கிறவள்போல ஓரமாக ஒதுங்கி நின்று, "அந்தம்மா பேருகூடத் தெரியாதுங்ணா எனக்கு" என்றாள். "இது நீலமா ஊதிக்கினு கெடந்தப்ப வந்தேன். எங்க வூட்டுக்காரு சொன்னாரு, பெங்களூரு போயி எதுக்குக் காச அழிக்கற, குழி தோண்டற வேல இங்கயே ஆவட்டும்னு. இப்ப அவரே பஸ் ஏத்தி உடறாரு. அந்தக் காயிதத்த அவருதான் எண்ணி முடிஞ்சு குடுப்பாரு."

வெங்கடசாமி தன் பன்னைக் கீழே வைத்தார். "உக்காரும்மா" என்றார். "உனக்குத் தாமதம் ஆனதுக்குக் காரணம் நான்தான். உள்ள போயி கைய வெச்சுட்டேன்."

சந்திரம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "அதான் அந்தம்மா கொட்டிட்டாங்களே. வுடுங்க" என்று சொல்லிப் பன்னை டீயில் நனைத்தாள்.

ஜன்னலுக்குள் விஜி மறுபடி மாத்திரைகளை எடுத்து உரலில் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. அவசரம் கொஞ்சமும் இல்லை, முதல்முறை செய்கிற மாதிரியே. இந்த முறை வெங்கடசாமி வெளியே நின்று, மற்றவர்களைப்போலக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சட்டைப் பையில் ஃபாரம் நெஞ்சைக் குத்தியது.

கடைசிப் பொட்டலம் மடிந்ததும் விஜி ஜன்னலுக்கு வந்தாள். சந்திரம்மாவுக்குக் கொடுத்து, திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினாள். பிறகு அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஒரு மணி நேரம் எப்பவோ ஆயிடுச்சுப்பா. ஃபாரத்த குடு."

"எத்தன மணி வரைக்கும் ஜன்னல் தொறந்திருக்கும்?"

"ஆறு."

"வரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்தார். மீட்டருக்கு மேல் கேட்ட டிரைவரோடு அவர் பேரம் பேசவில்லை. அது சரித்திரத்தில் முதல் தடவை.

காக்ஸ் டவுன் கடையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே, ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில், தேக்குச் சட்டத்தில் விஜியின் சர்டிஃபிகேட். கல்லாவில் தியோடர். கவுண்டரில் நின்ற ஆள் கத்தரியால் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்தான்.

"அண்ணா, இருமலுக்கும் ஒண்ணு சேத்துக் குடுங்க" என்றான் வாங்கியவன்.

"அதுக்கின்னா, எடுத்துக்க" என்று டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டான் கவுண்டர்க்காரன். வாங்கியவன் முகம் மலர்ந்தது. வெங்கடசாமி அண்ணாந்து பார்த்தார். போட்டோவிலிருந்து விஜி நேராக அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாரம் கொண்டாந்தியா மேன்?" என்றார் தியோடர்.

"இல்ல தியோ. பேப்பரத் திருப்பிக் குடு."

தியோடர் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் படித்தார். பிறகு சிரித்தார். "கூடக் கேக்கற. அவ்ளோதான? கேளு மேன், நமக்குள்ள இன்னா?" என்று ஒரு தொகை சொன்னார். வெங்கடசாமி தலையாட்டினார். தியோடர் ஏற்றினார். மறுபடி ஏற்றினார். ஏறுகிற விலைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பது வெங்கடசாமிக்குப் பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

"வார்த்தை மாறாதவன் வெங்கடசாமின்னு ஊரெல்லாம் சொல்வாங்களே?" என்றார் தியோடர் கடைசியாக. அந்த அடி மட்டும் பட்டது.

"மாறிட்டேன். திட்டிக்கோ. என் சரக்கா இருந்தா குடுத்த வாக்குக் குடுத்ததுதான். என் சரக்கு இல்லன்னு இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"அப்ப திங்கக்கெழம என் கடை?"

"பேப்பரத் தேடாத, ஆளத் தேடு. பீன்யால விஜிகூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு நாள்பூரா ஒடஞ்ச மாத்திரையப் பாத்துக்கினு உக்காந்திருக்குது. நான் கூட்டியாந்து வுடறேன். பேப்பரோட ஆளும் வரும். ஒரு நாலு நாள் கடைய மூடி வெச்சிருப்ப, அவ்ளோதான். ஆனா தியோ, அந்தப் பொண்ணு வந்தா அந்த டப்பாவ உன் ஆளு தொடக் கூடாது."

தியோடர் டப்பாவைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். "தேக்கு மேன் அது" என்றார். வெங்கடசாமி கண்ணாடியைத் திறந்து காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தேக்கை அவரிடமே கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வந்து சேரும்போது ஐந்தரை. பக்கவாட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. 'விஜி அப்பா' என்று உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. வரிசையில் நின்றார். முன்னால் ஏழு பேர். பின்னால் வந்து நின்ற கிழவர் ஒருவர், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய சீட்டா இருக்குது, கொழந்தைக்கு இன்னா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் வெங்கடசாமி.

அவர் முறை வந்தது. விஜி குனிந்து ஏதோ லேபிள் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் நீட்டுவதுபோல, நிமிராமலே சந்து வழியாகக் கையை நீட்டினாள்.

"சீட்டு?"

அவர் சர்டிஃபிகேட்டை அந்தக் கையில் வைத்தார்.

காகிதத்தின் கனம் தெரிந்து விஜி நிமிர்ந்தாள். அதைப் பார்த்தாள். திருப்பிப் பின்புறம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எங்கே அந்த 'ஆனால்' என்று தேடுகிறவள்போல. அத்தை மகனா? ஆறு மாசம்தான் வேலைக்குப் போகணுமா?

"அவ்ளோதானாப்பா?"

பின்னாலிருந்து கிழவர் அவரை லேசாகத் தள்ளினார். வெங்கடசாமி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நகர்ந்தார்.

"அவ்ளோதாம்மா. கொசுறு ஒண்ணும் கெடையாது."